மச்சான் அறையில் ஆர்க்கிட்

அந்தக் கார்த்திகை மாதம் தைரியநாதன் ஒரு சபதம் எடுத்தார். உயிரே போனாலும் மச்சான் ஃபெலிக்ஸை முன்னறையில் படுக்க விடுவதில்லை. சபதத்தைச் சத்தமாக எடுக்க முடியவில்லை. எதிரே கரண்டியோடு மனைவி மேரிசெல்வி நின்றிருந்தாள். ஆகவே மனசுக்குள் சபதம் எடுத்துவிட்டு, வெளியில் "சாம்பார் நல்லாருக்கு" என்றார்.

ஆளுக்குப் பேர்தான் தைரியநாதன். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் பெர்மனென்ட் வேலை. அங்கே அவர் கையைத் தூக்கினால் ஊர் நீளத்துக்கு ஓடுகிற பெல்ட் கப்பென்று நிற்கும். வீட்டில் அவரால் மிக்ஸியைக்கூட நிறுத்த முடியாது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. அவர் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டி, ஃபேனை ஐந்தில் வைத்து, பகல் முழுக்கத் தூங்க வேண்டும். உள்ளறையில் மேரிசெல்வியின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். முன்னறையை விட்டால் மனுஷனுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்த அறைக்குத்தான் ஃபெலிக்ஸ் வரப்போகிறானாம். மேரிசெல்வி சாம்பார் ஊற்றும்போதே செய்தியையும் ஊற்றினாள். தம்பிக்கு இங்கேயே ஏதோ கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது, பங்குனி வரைக்கும் நம் வீட்டில்தான் தங்குவான் என்றாள். போன தடவை "ரெண்டே நாள் மாமா" என்று வந்தவன் ஈஸ்டர் முடிந்துதான் பெட்டியைத் தூக்கினான். கோயில் பாடகர் குழுவில் அவனுக்குக் கட்டைக் குரல். காலையில் தைரியநாதனுக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து, அல்லேலூயாவின் கடைசி 'யா'வை மட்டும் இழுத்து இழுத்துப் பயிற்சி செய்வான். அந்த 'யா' இன்னும் அவர் காதில் இருக்கிறது.

"கெழக்கு வெளிச்சம் வர்ற ரூம்பு," என்று மேரிசெல்வி பெருமூச்சு விட்டாள். "என் ஆர்க்கிட்டையெல்லாம் உள்ள கொண்டாந்து வச்சா மழைக்கும் பனிக்கும் தப்பிக்குமேன்னு பார்த்தேன். போவுது. தம்பியா செடியான்னு வந்தா தம்பிதான்."

பின்பக்கப் பலாமரத்தில் அவளுடைய ஆர்க்கிட் செடிகள் கூடை கூடையாகத் தொங்கின. அடைமழை தொடங்கியதும் உள்ளே எடுத்து வைக்கலாம் என்று வருஷா வருஷம் கெஞ்சுவாள். செடிக்கெல்லாம் யார் குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணினார்கள் என்று இவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். போன மழையில் குருத்துக்குள் தண்ணீர் நின்று, அவள் உயிரை வைத்திருந்த வெள்ளை ஆர்க்கிட் அழுகிப் போயிற்று. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரு வாரம் வெறும் ரசம் வைத்தாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் இவர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்.

இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. யோசனை உதித்துவிட்டது. அது தானாக, தன் சொந்த மூளையில் உதித்தது என்றே அவர் நம்பினார், பாவம்.

"செடியை உள்ள வச்சிடலாம் மேரி," என்றார்.

"அப்ப தம்பி எங்க படுப்பான்?"

"அதுவும் உயிருள்ள ஜீவன் இல்லியா? மழையில நனைஞ்சிகினு நிக்குது, பார்க்கவே வயிறு எரியுது."

"தம்பியும் உயிரோடதாங்க இருக்கான்."

அரை மணி நேரம் வாதாடினார். தாவரங்கள் மேல் அவருக்கு இத்தனை பாசம் இருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் மேரிசெல்வி அரை மனசாகத் தலையாட்டினாள். ஃபெலிக்ஸிடம் எப்படிச் சொல்வேனோ என்று முந்தானையால் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை வேலியோரம் பக்கத்து வீட்டு சாமிக்கண்ணுவைப் பிடித்து, மச்சானுக்குத் தான் வைத்த ஆப்பை ஒன்று விடாமல் சொன்னார் தைரியநாதன். சாமிக்கண்ணுவுக்கும் மச்சான்கள் உண்டு. அவர் கண்கலங்கிக் கைகொடுத்தார்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. ஏணி போட்டு ஏறினார். பலாமரத்து முசுறு எறும்புகள் இலைக்கூட்டை விட்டு இறங்கி வந்து, லுங்கிக்குள் புகுந்து, கடிக்கக் கூடாத இடமெல்லாம் கடித்தன. ஒரு கூடையிலிருந்து தேரை ஒன்று அவர் மூக்கின் மேல் தாவிற்று. சில செடிகளின் வேர் கிளையோடு ஒட்டியிருந்தது. அதை அறுக்காமல், முறிக்காமல், பச்சைப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி கழற்றச் சொன்னாள் மேரிசெல்வி. கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஐயோ என்று உட்கார்ந்தவரிடம் அவள் அன்பாகத்தான் சொன்னாள்.

"கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. தம்பியையே வரச் சொல்லிடறேன்."

அவர் மறுபடி ஏணியில் ஏறினார்.

உள்ளே கொண்டுவருமுன் கூடையிலிருந்த பழைய தேங்காய் மட்டையையும் கரியையும் கொட்டிவிட்டு, நத்தையும் எறும்பும் இல்லாமல் வேரைக் கழுவி, புதுக் கரித்துண்டு போட வேண்டும் என்றாள். காலுக்கடியில் ஊர் பூராவும் கரியாக இருக்கும்போது கரியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று சுரங்கக்காரர் கேட்டார். "அது மண்ணுக்குள்ள வெளையற பழுப்புக்கரி. செடிக்கு வேணுங்கறது அடுப்புக்கரி. இத்தினி வருஷம் அங்க என்னதான் வேலை பாக்கறீங்க?" என்றாள் அவள். அவர் வடலூர் வரைக்கும் வண்டியில் போய் ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கிவந்தார். திரும்பும் வழியில் பார்த்தவர்களெல்லாம், இஸ்திரி வண்டி போட்டுவிட்டாரா, வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டாரா என்று விசாரித்தார்கள்.

ஒருவழியாக முன்னறை முழுக்கச் செடிகள் குடியேறின. அதற்கப்புறம்தான் சட்டதிட்டங்கள் வந்தன. ஆர்க்கிட்டுக்கு வெளிச்சம் வேண்டும், கறுப்புப் போர்வை இறங்கிற்று. பலத்த காற்று ஆகாது, ஃபேன் ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது. ஈரப்பதம் வேண்டும் என்று தட்டுகளில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றினாள். ஊர்க் கொசுவெல்லாம் வந்து குசலம் விசாரித்தது. தண்ணீர் தெளிப்பது காலையில் மட்டும், அதுவும் குருத்தில் ஒரு சொட்டு நிற்காமல் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். காலையில் கையைக் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர் யார்? நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்தான். ஷிப்ட் முறை அப்படி, மேரிசெல்வி என்ன செய்வாள்?

முணுமுணுத்த போதெல்லாம் அந்த ஒரே வாக்கியம் வந்தது. தம்பியையே வரச் சொல்லிடறேன். அவர் பஞ்சை எடுத்துக்கொண்டு இலை இலையாக ஒற்றினார். பிறகு கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் காயும் வடகம்போல ஜன்னலடியில் கிடந்தார். தூக்கம் வந்தால்தானே? ஆனாலும் 'யா' சத்தம் இல்லை. அந்த ஒரு நினைப்பில் மார்கழி வரை நாளை ஓட்டினார்.

கிறிஸ்துமஸ் அன்று ஃபெலிக்ஸே போன் செய்தான். மேரிசெல்வி சமையலறையில் இருந்தாள். தைரியநாதனுக்கு மனசு இளகிப் போயிற்று. தான் ஜெயித்தவர், தோற்றவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டாமா?

"மச்சான், ரூம்பு இல்லேன்னு மனசுல எதுவும் வச்சிக்காத. செடிங்க பாரு, என்ன பண்றது."

"எந்த ரூம்பு மாமா?"

"இங்க கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து தங்கறதா இருந்தியே, அதாம்பா."

"நானா? எனக்கு ஓசூர்லயே பெர்மனென்ட் ஆயி ஆறு மாசம் ஆவுதே. அதுக்குத்தான மாமா ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினேன்? நீங்களே பாதிய சாப்ட்டுட்டீங்கன்னு அக்கா சொன்னாங்களே."

சாப்பிட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. பாதாம் அல்வா. என்ன விசேஷம் என்று கேட்கத்தான் மறந்திருந்தார். போனை வைத்தார். முசுறு கடித்த தழும்பு ஒவ்வொன்றும் புதிதாக எரிந்தது. இதை சாமிக்கண்ணுவிடம் மட்டும் சொல்லவே கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது.

"மேரி!" என்று போட்டார் ஒரு சத்தம். சுரங்கத்தில் அந்தச் சத்தத்துக்கு பெல்ட் நின்றிருக்கும்.

மேரிசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். அவர் முகத்தையும் போனையும் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனாள். போன வருஷம் அழுகிப்போன வெள்ளைச் செடியின் பக்கத்தில் முளைத்திருந்த குட்டிச் செடி, இலைக்கு நடுவிலிருந்து ஒரு காம்பு நீட்டியிருந்தது. காம்பு நிறைய மொட்டு. அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிற்பில், கண் நிறைந்திருந்த தண்ணீரில், அவருக்குக் கோபம் பாதி கரைந்துவிட்டது.

"மூணு வருஷமா செடிக்காகக் கெஞ்சினேன், கேட்டீங்களா?" என்றாள். "தம்பி பேரைச் சொன்னேன், மூணே நாள்ல எல்லாம் உள்ள வந்துடுச்சி."

மீதிக் கோபமும் போயிற்று. சரி, நடந்தது நடந்துபோச்சு, நல்லா இருக்கட்டும் என்று அவர் முனகினார். அவள் மொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே அன்பான குரலில் கேட்டாள்.

"மாசி வெயில் வந்ததும் இதெல்லாத்தையும் திரும்ப மரத்துல கட்டணுங்க. அதுக்கு யாரு வர்றதா சொல்லட்டும்?"