பத்தியும் பத்தினியும்

இனிமேல் சனிக்கிழமைகளில் புல் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் தீவு ஊரான ஹீலோவில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். இங்கே மழை நிற்பது மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். ஒரு மூலையை வெட்டிவிட்டு நிமிர்ந்தால், மறு மூலை முழங்கால் வரை வளர்ந்து "அடுத்து நான்" என்று நிற்கும். எனக்கு வயது நாற்பத்தாறு. என் முதுகுக்கு அறுபது.

இதை மனைவி மோமியிடம் நேரே சொல்ல முடியுமா? கல்யாணமானவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஆகவே காலைச் சாப்பாட்டின்போது கம்பீரமாக அறிவித்தேன்.

"மோமி, நான் மேல்படிப்பு படிக்கப் போறேன்."

"இப்ப எதுக்கு?"

"பதவி உயர்வுக்கு. நுழைவுத் தேர்வு எழுதணும். குடிநீர் ஆபீஸ்காரன், கணக்கெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மொழிப் பகுதிதான் உதைக்குது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிக்கணும்."

தன் தட்டிலிருந்த ஸ்பாம் டின் இறைச்சித் துண்டை எடுத்து எனக்கு வைத்தாள். "படி கவிகா. புல்லுக்கு ஆள் பார்த்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாகவா ஜெயிப்பது? சந்தேகம் வந்தது. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் சந்தேகம் தூங்கிவிட்டது. நானும்தான்.

நான் படிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். தேர்வுப் புத்தகத்தின் முதல் பக்கத்துச் சொற்பட்டியலைப் பலமுறை படித்தேன். ஆபீசில் மேலதிகாரி சொல், வீட்டில் மோமி சொல். இதற்கு மேலும் ஒருவனுக்கு எத்தனை சொல்தான் தாங்கும்? புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொள்வேன். நல்ல தடித்த புத்தகம். வெளிச்சமே வராது.

ஒரு சனிக்கிழமை திடீரென்று வெளிச்சம் வந்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே மோமி. மடியில் என் புத்தகம்.

"ஒரு பத்தி சொல்றேன், பதில் சொல்லு. 'ஒரு வீட்டில் கணவன் படிக்கிறான். அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்கிறது.' இதுலேருந்து என்ன தெரியுது?"

"யாரோ தூங்கறாங்கன்னு தெரியுது. அது கணவன்னு பத்தியில இல்லையே. இல்லாததை நாமளா ஊகிக்கக் கூடாது."

"அடேங்கப்பா! சரியான விடை. நீ தயாராயிட்டே. அடுத்த வாரம் ஹோனலூலூவுல தேர்வு. பதிவு பண்ணியாச்சு, விமானத்துக்கும் டிக்கெட் எடுத்தாச்சு."

"அடுத்த வாரமா? எனக்கு இன்னும்..."

"நானும் கூட வர்றேன். தனியா அனுப்பினா விமான நிலையத்துலயே தூங்கிடுவே."

தேர்வு மையத்தின் வாசலோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். வரிசையில் என் பின்னால், கையில் அடையாள அட்டையோடு நின்றாள்.

"நீ எங்க வர்றே?"

"எழுதத்தான்."

அதிர்ச்சி அடங்குவதற்குள் கணினித் திரையில் ஒரு கடல் நத்தை வந்தது. அதைப் பற்றி நீளமாக ஒரு பத்தி. எழுதியவர் நத்தைக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஐந்து விடைகளுமே எனக்கு நியாயமாகப் பட்டன. அந்த நத்தையின் மேல் பரிதாபம்தான் வந்தது. பத்தினியையே புரிந்துகொள்ளாதவன் பத்தியை எங்கே புரிந்துகொள்வது?

முடிவில் மதிப்பெண் வந்தது. மொழிப் பகுதியில் என்னுடையது பூஜ்யத்துக்கு நெருங்கிய சொந்தம். அவளுடையதை இரண்டு தடவை பார்த்தேன். அவ்வளவு உயரம்.

திரும்பும் விமானத்தில் கொய்யா ஜூஸ் கொடுத்தார்கள். வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்ப படிச்சே?"

"நீ தூங்கறப்ப புத்தகம் கீழ விழுந்தது. எடுத்தேன். திரும்ப வைக்க மனசு வரலை." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பல் டாக்டர் ஆபீஸ்ல போன் எடுத்து எடுத்து, ஊரோட வலியெல்லாம் கேட்டாச்சு கவிகா. வேற ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீயும் நிஜமாவே படிச்சிருப்பே. போட்டி எதுக்கு?"

கோபப்படத்தான் நினைத்தேன். பெருமை முந்திக்கொண்டது. "சரி, என்ன படிக்கப் போறே?"

"ஒத்துப் போகாத புருஷன் பொண்டாட்டிக்கு ஆலோசனை சொல்ற படிப்பு."

"நல்ல படிப்பாச்சே! ஆனா உனக்கு அதுல அனுபவம் கிடையாதே?"

"விண்ணப்பத்துலயும் அதைத்தான் கேட்டிருந்தாங்க. உன் பேரை எழுதிட்டேன்."