எலி டாக்டரும் சட்டை போட்ட கிருமியும்

எங்கள் எலி டாக்டருக்குப் பயப்படாத ஜீவன்கள் மதுரையில் இரண்டே இரண்டுதான். ஒன்று நிமோனியாக் கிருமி, இன்னொன்று என் மாமியார். கிருமியையாவது அவர் அடக்கினார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைச்சாலையில் குமாஸ்தா. டாக்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் சிம்மக்கல்லில் வழி காட்ட ஆள் கிடையாது. 'எலி டாக்டர்' என்றால் ஜட்காக் குதிரை தானாகவே அங்கே வந்து நிற்கும். கூண்டு கூண்டாக வெள்ளைச் சுண்டெலி வளர்ப்பார். நோயாளியின் சளியை எலியின் வயிற்றில் ஊசியால் ஏற்றுவார். கிருமி அங்கே பெருகும், எலி சாகும், அதை அறுத்து என்ன ஜாதிக் கிருமி என்று கண்டுபிடிப்பார்.

ஜனங்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். நோயை எலி வாங்கிக்கொள்கிறதாம்! ஜன்னலடியில் எந்நேரமும் சொந்தக்காரர் கூட்டம்.

"ஐயா, எலி செத்துருச்சா?"

"செத்துருச்சு."

உடனே ஒரு தேங்காய் உடையும். டாக்டர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்துவார்.

"அடேய்! எலி செத்தா கிருமி பொல்லாததுன்னு அர்த்தம்டா! அது கொழகொழன்னு ஒரு சட்டை போட்டுருக்கு. விராலு மீனை வெறுங்கையால புடிச்சிருக்கியா? வழுக்குதுல்ல? நம்ம ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுவுக்கும் அதே கதிதான், புடிக்கவே முடியாது. அந்தச் சட்டையில்லாத கிருமின்னு வையி, எலி தின்னுட்டு ஏப்பம் விட்டுரும்!"

"அப்ப மருந்து?"

"மீனுக்குச் சாம்பலைத் தடவிப் புடிக்கிறீகள்ல? சீரம்னு ஒரு ஊசி மருந்து இருக்கு, அதான் சாம்பல். ஆனா ஒவ்வொரு சட்டைக்கும் ஒவ்வொரு சாம்பல். மாத்திப் போட்டா ஒரு பிரயோசனமுமில்ல!"

கூட்டம் பயபக்தியோடு கேட்டுவிட்டு இன்னொரு தேங்காயை உடைக்கும்.

ஒரு வருஷம் மாசிப் பனியில் என் மனைவி விசாலத்துக்கு நிமோனியா வந்தது. விலாவில் குத்தல், துருப்பிடித்த நிறத்தில் சளி. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டாக்டர் ஒரு சுண்டெலிக்கு ஊசி போட்டு, கூண்டில் அவள் பெயரைக் கட்டிவைத்தார்.

மறுநாள் மத்தியானம் அந்த எலி குதித்துக்கொண்டிருந்தது. கடலையை உரித்துத் தின்றது. வார்டு டாக்டர் வந்து பார்த்தார். "எலியே ஜோரா இருக்கு. சாதுக் கிருமிதான் போல. சீரத்தை வீணாக்க வேணாம்" என்றார்.

"எலி பொய் சொல்லுது" என்றார் எங்கள் டாக்டர்.

"எலி எப்படி ஐயா பொய் சொல்லும்?"

"சளியிலயே பாத்தேன், மைக்ராஸ்கோப்புல ஒவ்வொண்ணும் சட்டையைச் சுத்திக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருக்கு. அது எலியை உசிரோட விடாது. இது வேற எலி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஒத்தக்கடையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த என் மாமியார் நிமிர்ந்து நின்றார்.

"ஆமா, நாந்தான் மாத்துனேன். நீங்க வச்சிருந்தது நோஞ்சான் எலி. எம்மவ காய்ச்சல் எம்புட்டு! அது தாங்குமா? அதான் பக்கத்துக் கூண்டுல இருந்த கொழுத்ததா ஒண்ணை எடுத்து வச்சேன். மாப்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியுது!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு ஒரே பாய்ச்சல். கொழுத்த எலி முன்பு இருந்த பக்கத்துக் கூண்டில், ஒரு மூலையில், நோஞ்சான் விறைத்துக் கிடந்தது. அறுத்தார். வயிற்று நீரில் ஒவ்வொரு சீரமாகச் சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கண்ணாடித் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. என் உயிர் என்னிடம் இல்லை. திடீரென்று, "வீங்குது! சட்டை வீங்குது! சிக்குனான்டா!" என்று கத்தினார். எந்தச் சீரம் பட்டுக் கிருமியின் சட்டை வீங்குகிறதோ, அதுதான் அதற்கான மருந்து. அந்தச் சீரத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அதை அவரே தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார்.

விடிந்தபோது விசாலத்துக்குக் குப்பென்று வேர்த்தது. காய்ச்சல் இறங்கியது.

எங்கள் டாக்டர் உயிரோடு இருக்கும் நோயாளி பக்கமே போகாதவர். சளிதான் அவருக்கு உறவு. அன்று காலை வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"மூச்சு விடும்மா."

விட்டாள். முகம் சுருங்கவில்லை.

"இன்னொருக்கா."

மறுபடி விட்டாள். நாடி பார்க்கவில்லை, குழல் வைக்கவில்லை. கூத்துப் பார்க்க வந்தவர் மாதிரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போதெல்லாம் விசாலம் மத்தியானத் தூக்கத்தில் வீடு அதிரக் குறட்டை விடுகிறாள். பேரன்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னொருக்கா' என்று எங்கள் டாக்டருக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.