பேஸ்மன்றில் அந்நிய பாஷை

இயேசு மரி சூசை துணை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
12.10.1996

திருச்சியில் குருவாகப் பணி செய்யும் என் மூத்த சகோதரர், அன்புள்ள சுவாமி அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் வேரோனிக்காவும் சுகம். மகள் ஜெசிகாவும் உடலால் சுகம். ஆன்மாவைப் பற்றித்தான் இக்கடிதம். உங்கள் முழங்கால் வலிக்காக வேண்டிக்கொள்கிறோம். இதை இருந்தபடியே வாசியுங்கள்.

அண்ணை, பிள்ளையை அல்லேலூயாக்காரர் பிடித்துவிட்டார்கள். போன செவ்வாய் தொழிற்சாலையில் மெசின் பழுதாகி நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன், சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மன்றிலிருந்து சத்தம், "டுவா டுவா, யிப்பிடி டும், ஓ ஓ ஊ!" தமிழும் இல்லை, இங்கிலிசும் இல்லை, எட்டிப் பார்த்தால் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு முன்னால் ஜெசிகாவும் பள்ளிச் சிநேகிதிகள் இருவரும் கண்ணை மூடி, விரலைச் சொடுக்கி, ஒரே பக்கமாக ஆடிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அகஸ்ரினிடம் ஓடினேன். அவருடைய மகள் அந்தச் சபையில் சேர்ந்து, வீட்டு மாதா சுரூபத்தைத் தூக்கி வாசலில் வைத்தவள். ஆகவே அவருக்கு அனுபவம். "அருள், உது ஆவி இறங்கினவை பேசுற அந்நிய பாஷை. வாயிலை வந்திட்டுது எண்டால் வாற மாசம் தொட்டியிலை அமுக்கி ஞானஸ்நானம்தான்" என்றார்.

பாம்புக் கடிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மடுமாதா கோவில் மண்ணில் ஒரு சிட்டிகையை மறுநாள் ஜெசிகாவின் தேநீரில் போட்டேன். அதை வேரோனிக்கா மாறிக் குடித்துவிட்டு இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பிறகு பிள்ளையின் அறை வாசலில் தீர்த்தம் தெளித்தேன். அதில் நானே வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்க, உள்ளேயிருந்து "டும் டும்" என்று கேட்கிறது. "என்ன பிள்ளை உது?" என்றால், "சும்மா அப்பா, உங்களுக்கு விளங்காது" என்று கதவைச் சாத்துகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை. ஒரே பிள்ளை. ஊரில் யுத்தத்துக்குள், செல்லடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவளை இங்கே பறிகொடுக்கவா? உங்களுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிமாரின் விடுதியில் ஜனவரிக்கு ஓர் இடம் கேளுங்கள். விமான ரிக்கற் விசாரித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பூசையில் எங்கள் மூவரையும், முக்கியமாக ஒருத்தியை, நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசீரை வேண்டும் தம்பி,
அருள்நாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கீழே மறுபடி தொடங்கினார்கள். இறங்கிப் போய், "ஆரடி உங்கடை பாஸ்டர்?" என்று கத்தினேன். ஜெசிகா ஒரு பழைய இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஒரே மாதிரிச் சட்டையும் உயர்ந்த கொண்டையுமாக நாலு கறுப்பினப் பெண்கள். டூ-வொப்பாம். நான் பிறந்த காலத்து அமெரிக்கப் பாட்டாம்.

"உந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமே இல்லையப்பா. வீட்டிலை என்ரை தமிழ் பிழை எண்டுறியள், பள்ளிக்கூடத்திலை என்ரை இங்கிலிஸ் பிழை எண்டுறாங்கள். இதை ஒருத்தரும் பிழை எண்டேலாது."

அவள் என்னோடு இவ்வளவு கதைத்து வருடக் கணக்காகிறது. படியிலேயே இருந்து முழுவதையும் கேட்டேன். மூன்று பிள்ளைகளும் ஒரே மூச்சாக இழுக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுதி வேண்டாம். மேலே எழுதியதை வாசிக்கவும் வேண்டாம். அடிக்குரலுக்கு ஆள் இல்லையென்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு ஒரேயொரு சொல்தான், "பும்". அதையும் நான் பிழையாகச் சொல்கிறேனாம்.