கையெடுத்த பிறகும் நிற்காத வால்ட்ஸ்

இந்தக் கோடையில் யாரோடும் ஆடுவதில்லை, குறிப்பாகச் சொந்த மனைவியோடு ஆடவே ஆடுவதில்லை என்று ஒரேஸ்தே முடிவு கட்டினார். ஊருக்கெல்லாம் குழாய் இணைத்துத் தந்த மனிதருக்குத் தம் இரண்டு கால்களை இணைக்கத் தெரியவில்லை. வால்ட்ஸ் நடனம் தொடங்கினால் வலது கால் கிளம்பிவிடும். இடது கால் நின்று யோசிக்கும். போன வருஷம் மனைவி டெலியாவின் கால் சுண்டுவிரல் வீங்கியதற்கு அந்த யோசனைதான் காரணம்.

டெலியாவுக்கோ ஆட்டம் என்றால் உயிர். கோடைச் சனிக்கிழமைகளில் மாதா கோயில் சதுக்கத்தில் பலகைத் தளம் போட்டு, ஆலிவ் பொரித்து, ஊரே ஜோடி ஜோடியாகச் சுழலும். அதிலிருந்து தப்ப ஒரு வழிதான் உண்டு. பாட்டு வாசித்து ஊரை ஆட்டுவிக்கிறவனை யாரும் ஆடக் கூப்பிடுவதில்லை.

அங்கோனா நகரத்துக்குப் போய் ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். உனக்குச் சங்கீதம் தெரியுமா என்று டெலியா கேட்டாள். அது மெஷினுக்குத் தெரியும் என்றார். உண்மைதான். இடக்கை விரல் ஒன்றைக் கட்டையில் வைத்தால் போதும், டிரம், பேஸ், அக்கார்டியன் என்று ஒரு கச்சேரிக் கூட்டமே உள்ளேயிருந்து கிளம்பும். ஒரேஸ்தே வலக்கையால் மேலே கொஞ்சம் தட்டிவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். ஊர் கைதட்டியது. டெலியா தன் தங்கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். ஒவ்வொரு சுற்றிலும் மேடையைப் பார்த்தாள்.

சும்மா இருந்தாரா மனிதர்? ஆலிவ் வாசனை இழுத்தது. மெஷினைக் குடைந்ததில் ஒரு பொத்தான் அகப்பட்டது. அதை அமுக்கிவிட்டு ஒரு சுற்று வாசித்துக் காட்டினால், அதையே மெஷின் திரும்பத் திரும்ப வாசிக்கும். அன்று முழுக்கத் தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் ஆலிவ் தின்றார்.

டெலியா பார்த்துவிட்டாள். மறுநாள் காப்பியை நீட்டியபடி, அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று ஆசையாகக் கேட்டாள். ஒரேஸ்தேவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று விடாமல் விளக்கினார்.

"அப்ப நீ கையெடுத்தா நின்னுடாதா?"

"அதெப்படி நிக்கும்? நான் வீட்டுக்கே வந்துட்டாலும் அது பாட்டுக்கு வாசிச்சிட்டிருக்கும்."

"கெட்டிக்காரன்தான் நீ," என்றாள் டெலியா.

அடுத்த சனிக்கிழமை, வால்ட்ஸ் பாதியில் அவளே மேடையேறி அந்தப் பொத்தானை அமுக்கினாள். ஒரு சுற்று முடியும்வரை பொறுமையாக நின்றாள்.

"எறங்கு. ஆடலாம்."

"கண்ணு தெரியலையா? வாசிச்சிட்டிருக்கேன்."

"எங்க, ரெண்டு கையையும் தூக்கு பாப்போம்."

எல்லோரும் பார்த்தார்கள். தூக்கினார். டிரம் அசரவில்லை. அக்கார்டியன் மூச்சுக்கூட வாங்கவில்லை. சதுக்கமே சிரித்தது.

"நிறுத்திட்டு வரேன், டெலியா."

"நிறுத்தினா எதுக்கு ஆடறது? வாய்யா."

தூக்கிய கைகளில் ஒன்றைப் பிடித்து அவள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு முறை அவள் காலை மிதித்தார். அவள் சிரித்தாளே தவிர விடவில்லை. மூன்றாவது சுற்றில் இடது கால் யோசிக்க மறந்து தானே வந்தது. பரவாயில்லையே என்று ஒரேஸ்தே நிமிர்ந்தார்.

விழாக் கமிட்டித் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தக் கோடையிலயே இன்னிக்குத்தான்யா வாசிப்பு பிரமாதம். இனிமே நீ கீழயே இரு."