ஈரலுக்கு ஒரு ஷூ, கடைசியில் ஒரு சீ

நான் ஒரு முன்கோபக்காரன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை; நான் மறைத்தாலும் என் மனைவி சொல்லிவிடுவாள். எனக்கு வெட்கமெல்லாம், கோபப்படாமல் இருப்பதற்கு நான் முறையாகப் பயிற்சி எடுத்த அந்த ஏழு மாதங்களைப் பற்றித்தான். அதற்கு முந்திய நாற்பத்திரண்டு வருடக் கோபத்தினாலும் வராத சேதம் அந்த ஏழு மாத அமைதியினால் வந்தது.

எனக்கு வேலை சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில், ஓர் இரும்புத் தொழிற்சாலையில். வீடு அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிராமத்தில் (ஏன் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்). சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். நான், மனைவி சுமதி, பதினான்கு வயது மகள் மதுரா, மூவருக்கும் ஒரே கோப்பு. என்னைவிட சுமதிக்குத்தான் அது அவசரமாகத் தேவைப்பட்டது. அவளுடைய ஒரே அக்கா இலண்டனில் இருக்கிறார். இருவரும் நேரில் கண்டு பன்னிரண்டு வருடம். எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டோடு இரண்டு தரம் விசா கேட்டோம், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். அக்காவுக்கு முதலில் கைக்குழந்தைகள், பிறகு இடுப்பில் ஒப்பரேஷன். அவராலும் பயணம் செய்ய முடியவில்லை. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் விசாவே தேவையில்லை.

அதற்காகச் சுமதி பதினொரு மாதம் படித்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்து படித்தாள். குளியலறைக் கண்ணாடியில் கன்டோன்கள் எனப்படும் இருபத்தாறு சுவிஸ் மாநிலங்களின் பெயர்களும் ஒட்டப்பட்டிருந்தன. நான் அதில் அப்பென்செல்லைப் பார்த்துத்தான் தினமும் சவரம் செய்தேன்.

எனக்குப் படிப்பு ஏறாது என்பதால் எனக்கு வேறு ஏற்பாடு. எங்களுக்கு முன்பே பாஸ்போட் எடுத்து, அன்றிலிருந்து அந்தத் துறைப் பேராசிரியராக நடந்துகொண்ட அருள் அண்ணை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எந்தச் சங்கத்தில இருக்கிறாய் எண்டு கட்டாயம் கேப்பாங்கள். கோயில் எண்டு சொல்லிப்போடாதை. தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டும் சொல்லாதை. அதெல்லாம் எங்கட ஆக்கள். சுவிஸ்காரரோட சேர்ந்து என்ன செய்யிறாய்? அதுதான் கேள்வி.”

கிராமத்தில் மூன்று சங்கங்கள் இருந்தன. பாட்டுச் சங்கம்: என் குரலை நானே சகிப்பதில்லை. மலைக்கு மலை கூவிப் பாடும் யோடல் சங்கம்: அதே குரல், இன்னும் உயரத்தில். துப்பாக்கிச் சங்கம்: துவக்கு வைத்திருந்தவர்களுக்குத் தப்பித்தான் நான் இந்த நாட்டுக்கே வந்தேன், இங்கே கட்டணம் கட்டித் துவக்கைத் தூக்கவா? மிஞ்சியது ஊர் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை நடந்த சிகோங் வகுப்பு. சீனத்துத் தாவோ ஞானிகளின் மூச்சுப் பயிற்சி, உடம்புக்குள் சக்தி வளர்க்கும் கலை என்று விளம்பரத்தில் இருந்தது. சுவிஸ்காரனாக மாறுவதற்கு ஒரு யாழ்ப்பாணத்தான் சீனப் பயிற்சிக்குப் போனான். இதில் உள்ள கோணல் எனக்கு அப்போது தெரியவில்லை. (அங்கே பதினொரு சுவிஸ்காரர் இருந்தார்கள். எனக்குத் தலைக்கணக்குத்தான் முக்கியம்.)

ஆசிரியை பெயர் ரெகுலா. அறுபது வயது, கம்பளிக் காலுறை, எதற்கும் அவசரப்படாத குரல். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

“தாவோ என்றால் வழி,” என்றார் முதல் நாளே. “ஆனால் இதுதான் வழி என்று யாரும் காட்ட முடியாது. அவரவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.”

இதை ஒரு சுவிஸ்காரி சொல்கிறார்! இந்த நாட்டில் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைக்கும் மஞ்சள் பலகை உண்டு. மலை உச்சிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், ஒரு மணி நாற்பது நிமிடத்தில் உச்சி வந்துவிடும். பழைய பேப்பரை எந்தக் கிழமை எப்படிக் கட்டி வாசலில் வைக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. எல்லாவற்றுக்கும் வழி போட்டுவிட்டு, நான் காசு கட்டிப் படிக்கப் போன ஒரேயொரு விஷயத்துக்கு மட்டும் வழி இல்லை என்றால் எனக்கு எரிச்சல் வராதா? ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். “உங்கள் உடம்பு சொல்லும்.” எத்தனை நிமிடம்? “அதையும் உடம்பே சொல்லும்.” என் உடம்பு வீட்டுக்குப் போகச் சொன்னது.

இரண்டாம் வாரம் ‘செய்யாமல் செய்தல்’ என்ற தத்துவத்தைச் சொல்லித் தந்தார். எதையும் வலிந்து செய்யாமல், தானாக நடக்க விடுவதுதான் தாவோவின் உச்சமாம். வீட்டுக்கு வந்து சுமதிக்குப் பெருமையாக விளக்கினேன்.

“இதுக்கு ஏன் வகுப்பு?” என்றாள் அவள், சட்டி கழுவியபடி. “இந்த வீட்டில நீங்கள் பதினைஞ்சு வருஷமா அதைத்தானே செய்யிறியள்.”

நான்காவது வாரம் ரெகுலா என் முன்னால் நின்று என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “உங்கள் ஈரல் நிறையக் கோபம் இருக்கிறது,” என்றார். ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் உணர்ச்சி தங்குமாம், ஈரலில் கோபம். ஒவ்வொன்றையும் வெளியேற்ற ஒவ்வோர் ஒலி. ஈரலுக்கு ‘ஷூ’. அதைச் சொல்லும்போது கண்ணை அகல விரித்து எதிரே முறைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு கைகளாலும் முன்னே தள்ள வேண்டும். இப்படி ஆறு ஒலிகள். ஆறாவது, உடம்புக்குள் இருக்கும் மூன்று அடுப்புகளைத் தணிப்பதற்கு (எனக்குள் அடுப்பு இருப்பது எனக்குத் தெரியும், மூன்று என்பதுதான் புதுச் செய்தி). அந்த ஒலி ‘சீ’. அதைச் சொல்லிக் கையை உதற வேண்டும்.

நான் தமிழன் அல்லவா? ஷூ என்றால் கோழி கலைப்பது. சீ என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பழகப் பழகச் சொல்லின் பொருள் மறந்துபோய் வெறும் காற்றாகிவிட்டது. அதுதான் நான் செய்த பெரிய பிழை.

ஈரல் கதையைச் சுமதியிடம் சொன்னதும் அவள் கரண்டியை வைத்துவிட்டாள். “ஈரல் பழுதெண்டு முகத்தைப் பார்த்தே சொல்லிப்போட்டாவோ? ஒளிச்சுக் குடிக்கிறியளோ?” இரண்டு நாள் கராஜில் இருந்த பெட்டிகளையெல்லாம் கிளறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதிரே பயிற்சி செய்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஆகவே அவள் வேலைக்குப் போன பிறகு, எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட் இருந்த நாட்களில், மத்தியானம் பன்னிரண்டரைக்கு பல்கனியில் நின்று செய்தேன். சோறு அவிந்துகொண்டிருக்கும், வேறு வேலை இல்லை. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை எங்கள் கட்டடத்தில் ஓய்வு நேரம். ஆணி அடிக்கக் கூடாது, தூசி உறிஞ்சும் மெஷின் போடக் கூடாது. மூச்சு விடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவின் பூனை அந்த நேரத்தில்தான் புல்தரையில் வெயில் காயும். நான் ஈரலுக்கு ஷூ சொன்னதும் அது எழுந்து ஓடும். நான் அதைக் கவனிக்கவில்லை, கவனம் முழுக்க ஈரலில் இருந்தது.

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் எங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர் கேட்டிருந்தார்கள். ஏழு வருடமாகப் படிக்கட்டில் தவறாமல் வணக்கம் சொல்லும் தைரியத்தில், நான் அவருடைய பெயரைத்தான் எழுதினேன்.

நானும் சுமதியும் ஊர்ச் சபையின் குடியுரிமை நேர்முகத்துக்குப் போனோம். மேசைக்கு அப்பால் மூன்று பேர்: வெள்ளை மீசைத் தலைவர், குறிப்பெழுதும் இளைஞர், கழுத்தில் பச்சைக் கற்கள் கட்டிய ஓர் அம்மையார். சுமதி வெளுத்து வாங்கினாள். மத்திய அமைச்சர்கள் எத்தனை பேர், மக்கள் வாக்கெடுப்பு என்றால் என்ன, எல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில். என்னிடம் பக்கத்து ஏரியின் பெயரை மட்டும் கேட்டார்கள். அந்த ஏரியின் பெயர் ஏரியைவிட நீளம். மூன்றாவது முயற்சியில் கரை சேர்ந்தேன்.

பிறகு சங்கம் பற்றிக் கேட்டார்கள். “சிகோங்,” என்றேன். பச்சைக்கல் அம்மையார் முகம் மலர்ந்தது. “அது உங்களுக்கு என்ன தந்தது?” என்று கேட்டார். “அமைதி,” என்றேன். சுமதி தரையைப் பார்த்தாள்.

தலைவர் ஒரு கடிதத்தை எடுத்தார். கீழ்வீட்டு அம்மா எழுதியது. “மரியாதையான குடும்பம், படிக்கட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்கள்” என்று தொடங்கி, “ஆனால் அந்த மனிதர் மத்தியான ஓய்வு நேரத்தில் பல்கனியில் நின்று என் பூனையை முறைத்துக் கத்திக் கலைக்கிறார். பூனை இப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து வருவதில்லை” என்று முடிந்தது.

“பூனையோ? எந்தப் பூனை?” என்றாள் சுமதி என்னிடம், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

அது பூனைக்கல்ல, ஈரலுக்கு என்று ஜெர்மனில் விளக்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு உதவி செய்வதாக நினைத்து அம்மையார் சொன்னார்: “அந்த ஆறு ஒலிகள்! அழகான பயிற்சி. செய்து காட்டுங்களேன்.”

நான் எழுந்தேன். சுமதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இருங்கோ. விசரே உங்களுக்கு?” ஆனால் என் மானம் போய்க்கொண்டிருந்தது, என்னால் இருக்க முடியவில்லை. காலை அகட்டி நின்று, எதிரே இருந்த தலைவரைக் கண் பிதுங்க முறைத்து, இரண்டு கைகளாலும் அவர் பக்கம் தள்ளி “ஷூஊஊ” என்றேன். இளைஞர் எழுதுவதை நிறுத்தினார். அடுத்த நான்கும் சுமாராகப் போயின. ஆறாவதாக, தலைவரின் மீசைக்கு நேரே கையை உதறி, ஏழு மாதப் பயிற்சியும் தெரியும்படி ஆழமாக, “சீஈஈ!” என்றேன்.

அம்மையார் தலையாட்டி ரசித்தார். தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சுமதி எழுந்து நின்றுவிட்டாள். ஓர் ஊர்ப் பெரியவரின் முகத்துக்கு நேரே தன் கணவன் சீ என்று கையை உதறியதை அவளால் தாங்க முடியவில்லை.

“மன்னியுங்கள்,” என்றாள் தலைவரிடம், கண் கலங்கி, அழகான ஜெர்மனில். “அவர் உங்களை அப்படி நினைக்கவில்லை.”

“எப்படி நினைக்கவில்லை?” என்றார் தலைவர்.

உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்து அவள் மண்டையில் ஏறியிருந்தது. “எங்கள் மொழியில்,” என்றாள், “அருவருப்பானதைக் கண்டால்தான் அந்தச் சொல்லைச் சொல்வோம்.”

“ஐயோ, உம்மட்டை ஆர் கேட்டது?” என்று தமிழில் கத்தினேன். “அது சீனம்! அது அடுப்புக்கு!”

“அடுப்பைப் பார்த்தே சொன்னனீங்கள்? அந்த மனுசனைப் பார்த்தல்லோ சொன்னனீங்கள்!”

தலைவர் கையை உயர்த்தி, “தயவுசெய்து அமைதி,” என்றார்.

“நான் அமைதியாகத்தான் இருக்கிறேன்!” என்று ஜெர்மனில் முழங்கி மேசையில் ஓங்கிக் குத்தினேன். தண்ணீர்க் கிளாஸ் துள்ளி எங்கள் கோப்பின் மேல் கவிழ்ந்தது. அடுத்த அறைக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று தலைவரைக் கேட்டாள். சுமதி தன் கைலேஞ்சியால் கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மாதப் படிப்பு நனைந்து கிடந்தது. அவள் துடைப்பதைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. வீடு வரும்வரை பஸ்ஸில் அக்காவிடமிருந்து நான்கு தரம் அழைப்பு வந்தது, சுமதி எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரெகுலாவிடம் போய், மண்டபம் அதிரச் சத்தம் போட்டேன். அவர் கையைக் கூப்பி, “அருமை. ஈரல் திறந்துவிட்டது,” என்றார். அத்தோடு நான் தாவோவை விட்டு விலகினேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. கோப்பைப் பிரித்துவிட்டார்கள். சுமதிக்கும் மதுராவுக்கும் சம்மதம். நான் இரண்டு வருடம் கழித்து மீண்டும் வரலாம். சுமதி கடிதத்தை மூன்று தரம் வாசித்து, மூன்றாவது தரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேர்முகத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது (வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்).

பாஸ்போட் கைக்கு வந்த மாதமே அவள் மகளோடு இலண்டன் போனாள். கதவு திறக்கும் காட்சியை எனக்குக் காட்டுவதற்காகத் தொலைபேசியைப் பிடித்திருந்தாள். ஆனால் கதவு திறந்ததும் கை எங்கோ போய்விட்டது. நான் கண்டது அக்கா வீட்டுக் கூரையும் ஒரு மின்குமிழும்தான். கீழே இரண்டு பெண்கள் விம்மி விம்மி அழுவது கேட்டது. அந்த மின்குமிழைப் பார்த்தபடி, நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து எனக்கும் கிடைத்தது. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். “நடை,” என்றேன். ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வசந்தத்தில் சுமதி மறுபடி இலண்டனுக்குப் புறப்பட்டபோது நானும் புதுப் பாஸ்போட்டோடு பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் என் பையை மெதுவாக வாங்கி அறைக்குள் வைத்தாள்.

“நீங்கள் இருங்கோ,” என்றாள். “அங்க நிக்கிற பத்து நாளும் நான் ஒருத்தரோடயும் கோவிக்கிறேல்லை. மூச்சும் நல்லா வருது. பழகிப்போச்சு.”

அன்றிலிருந்து வருடா வருடம் அவள் தனியாகத்தான் போகிறாள். அந்தப் பத்து நாளும் யாராவது தொலைபேசியில் சுமதி எங்கே என்று கேட்டால், மதுரா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்:

“அம்மா சிகோங்குக்குப் போயிட்டா.”