முடியெண்ணியின் தேங்காயெண்ணெய்

"ஏட்டி, ஒரு புள்ளிக்குப் பேரு வைக்கதுக்கா உன்னய காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டார் அப்பா. அவர் தோவாளைத் தோட்டங்களில் பூப்பறிப்பவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த நான், கண்ணாடிக் குழாயில் அடைத்த ஒரு குளவியை அவரிடம் காட்டியிருந்தேன். கடுகைவிடச் சிறியது. செடிச் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளரும் ஒட்டுண்ணி.

அப்பாவுக்குப் பதில் சொல்ல எனக்கு முடியெண்ணி தேவைப்பட்டாள்.

குமரி மாவட்டத்தில், ஏன் உலகத்திலேயே, அவளைப்போல் உற்றுப் பார்த்த ஆள் கிடையாது. ஆரல்வாய்மொழிக்காரி, என் வகுப்பு, என் விடுதி அறை. குளவியின் உணர்கொம்பு முடிகளை எண்ணியே அந்தப் பெயரைச் சம்பாதித்தாள். காற்றடிக்கும் ஊரில் பிறந்தவளுக்குக் காற்றென்றாலே பகை. ஆய்வகத்தில் மின்விசிறி சுழலக்கூடாது; தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடவேண்டும். "மூச்ச அந்தப் பக்கமா விடுட்டி, பூச்சி பறந்திரும்" என்பாள். அந்தப் பூச்சி செத்து ஒரு வாரமாகியிருக்கும்.

ஒருநாள் பேருந்தில் நடத்துநரிடம், "அண்ணாச்சி, நேத்து வந்தது உங்க தம்பியில்லா? அவருக்குப் புருவச்சுழி இடப்பக்கம்" என்றாள். இரட்டையரில் மூத்தவரான அவர், "எங்க அம்மையே மாத்தித்தான் கூப்பிடுவா மக்கா" என்று சீட்டுக் கிழிக்க மறந்து நின்றார்.

அப்பேர்ப்பட்ட கண்ணும் ஒருமுறை சறுக்கியது. இறக்கையில் உடல் நீளத்துக்கு ஒற்றை முடி வளர்ந்த புதிய இனத்தைக் கண்டுவிட்டதாகத் துறையையே கூட்டினாள். பேராசிரியர் அந்த முடியை ஊசியால் தூக்கிக் காட்டினார். அது அவளுடைய கண்ணிமை முடி.

அதனால்தான், நான் பிடித்துவந்த குளவிகளில் இரண்டு இனம் இருப்பதாக நாங்கள் சொன்னபோது அவர் சிரித்தார். ஒன்றுக்குக் கொம்பின் ஒரு கணு முழுக்கக் கறுப்பு. மற்றதற்கு அதே கணுவின் நுனி வெள்ளை. வேறு வித்தியாசம் கிடையாது.

"லைட் கோளாறும்மா. நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா புராஜெக்ட முதல்லேருந்து செய். இன்னொரு வருஷம்."

இன்னொரு வருஷம் என்றால், வீட்டில் என் படிப்பு அத்தோடு சரி.

மறுநாள் முடியெண்ணி மொட்டைத் தலையோடு வந்தாள். இமைகளில் தேங்காயெண்ணெய் மினுங்கியது. "இனி விழதுக்கு ஒண்ணுமில்ல சார்."

இரண்டு வகைத் தாய்களையும் தனித்தனியாகப் பதினாறு குழாய்களில் வளர்த்தோம். மகள்கள் பிறந்ததும் பேராசிரியர் எங்கள் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்துவிட்டுத் தன் ரகசிய எண்களை ஒட்டினார். ஒவ்வொரு குழாயிலும் ஒரு மகளைக் கொன்று அட்டையில் வைத்தார். "அவ பாக்க வேண்டாம். நீ பாரு."

நுண்ணோக்கியில் குனிந்தேன். கறுப்பு. வெள்ளை. வெள்ளை. கறுப்பு. பதினாறும் முடிந்தன. அவர் தன் தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கறுப்புத் தாய்க்குக் கறுப்பு மகள்கள், வெள்ளைத் தாய்க்கு வெள்ளை மகள்கள். ஒன்றுகூட மாறவில்லை.

"ரெண்டுதாம்மா."

என் தோளுக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த மூச்சை முடியெண்ணி அப்போதுதான் விட்டாள். பதினாறு குளவிகளும் பறந்துபோயின.

"அப்ப ரெண்டு புள்ளியா!" என்ற அப்பா, அதைப் பூச்சந்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

முடியெண்ணி இப்போது வேறு மாநிலத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டேன். மண்டைக்காட்டுச் செம்பருத்திகளின் மாவுப்பூச்சிகளிலிருந்து குழாய் நிறையக் குளவிகள் வந்திருக்கின்றன. இன்று காலை மின்விசிறியை அணைத்து, இமைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, முதல் குளவியின் முன் உட்கார்ந்தேன்.