பிள்ளையாருக்கு ஒரு புரொசசர் உபயம்

பண்டத்தரிப்பு,
புதன்கிழமை.

அன்பிற் குறையாத தங்கச்சி பத்மாவதிக்குச் சின்னண்ணன் தம்பிஐயா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் மச்சாள் கமலாவதியும் பிள்ளையாரின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கு நீயும் உன் கணவர் குலவீரசிங்கமும் கலியாணப் பெண் தனுசியாவும் சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். கோயில் கொம்பியூட்டருக்கு மட்டும் சுகமில்லை. அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் எடுத்தால் மச்சான் ஸ்பீக்கரில் போடுகிறார். வட்சப்பில் எழுதினால் கண்ணாடியைக் கொழுவிக்கொண்டு அவர்தான் உனக்கு வாசித்துக் காட்டுகிறார். ஆகையால் ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்புகிற கேதீஸ்வரியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். குளிக்கிற அறைக்குள் நின்று வாசிக்கவும்.

போன வருஷம் எங்கள் குடும்பத்து வேட்டைத் திருவிழாவை லைவில் விட்டோம் அல்லவா. பிள்ளையார் வசந்த மண்டபத்திலிருந்து வெளிக்கிட்ட நேரம் பார்த்துக் கொம்பியூட்டர் இறுகி நின்றுவிட்டது. உங்களுக்கெல்லாம் நாதஸ்வரம் கேட்டதாம், படத்தில் ஐயர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றாராம். "ஐயருக்கு என்னடா நடந்தது, டொக்டரைக் கூப்பிட்டியளோ?" என்று பெரியண்ணை லண்டனிலிருந்து கத்தினார். அவர் வைக்க உன் மனுசன் எடுத்து அதையே கேட்டார். கேற் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குக் கவலைப்பட்டது அன்றைக்குத்தான். கேற் சண்டையை நீ மறந்திருக்கமாட்டாய். கோயிலுக்கு இரும்புக் கேற் அண்ணையின் உபயம், அதில் அவருடைய பெயரும் எழுதியிருந்தது. மச்சான் அடுத்த மாதம் கேற்றுக்குப் பெயின்ற் உபயம் செய்தார். பெயின்ற் அடித்தவன் அண்ணையின் பெயருக்கு மேலேயும் அடித்து, அதற்கு மேலே மச்சானின் பெயரை எழுதிவிட்டுப் போனான். அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

நிற்க. வட்டுக்கோட்டையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற வாகீசன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே தும்மல் வருமளவுக்கு விபூதி இருந்தது. "ஐயா, கேசும் மொனிற்றரும் பாவிக்கலாம். புரொசசரையும் மதர்போட்டையும் மாத்தவேணும்" என்றான். புரொசசர் என்பது யோசிக்கிற சாமான், மதர்போட் என்பது அது குந்தியிருக்கிற பலகை, எனக்கு விளங்கினது அவ்வளவுதான். நான் ஓவசியராக இருந்து மதகு கட்டினவன், மின்சாரச் சாமான் எனக்கு எங்கே தெரியும். அந்த நேரம் எனக்கொரு நல்ல யோசனை வந்தது. நல்ல யோசனை வந்த நேரமெல்லாம் எனக்கு ஏதோவொரு கஷ்டம் வந்திருக்கிறது என்று கமலாவதி சொல்வாள். அன்னதானத்துக்கு அரிசி ஒராள், பருப்பு ஒராள் தருகிறதுபோல, புரொசசரை ஒரு உபயமாகவும் மதர்போட்டை இன்னொரு உபயமாகவும் பிரித்துக் குடும்பக் குறூப்பில் போட்டேன். அண்ணை ஒன்றைத் தந்து மச்சான் மற்றதைத் தந்தால், இரண்டும் ஒரு பெட்டிக்குள் கிடந்து வேலை செய்யும், அதைப் பார்த்து இவர்களும் கதைக்கத் தொடங்குவார்கள் என்று நினைத்துவிட்டேன். நான் போனைக் கீழே வைக்க முதல் "புரொசசர் நான்" என்று அண்ணை. "மதர்போட் நான்" என்று மச்சான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எந்தப் புரொசசர், எந்த மதர்போட் என்று ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், கதை பேச்சு இல்லையே. சாதகம் பார்க்காமல் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்காத எங்கட ஆக்கள், இதை மட்டும் ஒன்றும் பார்க்காமல் வாங்கி அனுப்பிப்போட்டினம்.

முதலில் வந்தது அண்ணையின் பார்சல். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கூடவே தங்க எழுத்தில் ஒரு ஸ்ரிக்கர், "உபயம்: தியாகராசா குடும்பம், லண்டன்" என்று. புரொசசரின் தலையில் ஒட்டச் சொன்னார். நானும் குளித்து, விபூதி பூசி, நல்ல நேரம் பார்த்து ஒட்டினேன். வாகீசன் வந்து பார்த்துவிட்டுத் தன் தலையில் அடித்தான். "ஐயா, இது அடுப்பு மாதிரிச் சுடும். இதுக்கு மேலைதான் பசை பூசி விசிறி பூட்டுறது. உந்த ஸ்ரிக்கரை உரிச்சு எடுங்கோ" என்றான். உரித்தால் பசை போகவில்லை. கமலாவதி பலாப்பழப் பாலுக்குச் செய்கிறதுபோலத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் தந்தாள். வாகீசன் அதை மணந்து பார்த்துவிட்டுத் தன் துணியை எடுத்து இன்னொருதரம் துடைத்தான். அண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன். "என்ரை பேர் விசிறிக்குக் கீழை மறையுமோ? அப்ப விசிறியைக் கழட்டி எறி" என்றார்.

பிறகு மச்சானின் மதர்போட் வந்தது. அது பெரிய சாமான், ஒரு பட்டணமே அதுக்குள்ளே இருக்கிறது. அதில் எழுதுகிற தன் பெயர் வெளியே தெரிய வேண்டுமாம், பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு போடட்டாம். சரியென்று இரண்டையும் கொண்டு கமலாவதியோடு வட்டுக்கோட்டைக்குப் போனேன். வாகீசன் புரொசசரைத் திருப்பிக் காட்டினான், அடியெல்லாம் ஊசி. மதர்போட்டைக் காட்டினான், புரொசசர் இருக்கிற குழிக்குள்ளேயும் ஊசி. "ஐயா, இது ஒரு கொம்பனியின்ரை, அது மற்றக் கொம்பனியின்ரை. உந்த இரண்டும் ஒருநாளும் சேராது" என்றான். ஒன்றில் ஊசி இருந்தால் மற்றதில் ஓட்டை இருக்கவேண்டும், அது மதகு கட்டினவனுக்கும் தெரியும். "தம்பி, அரத்தாலை ஒரு பக்கத்து ஊசியைக் கொஞ்சம் தேய்ச்சுப் பார்ப்பமே?" என்று கேட்டேன். அவன் இரண்டு சாமானையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். பின்னாலே நின்ற கமலாவதி சும்மா நிற்காமல், "ஊசியும் ஊசியும் முட்டிக்கொண்டு நிக்குது, உங்கட வீட்டு ஆம்பிளையளைப் போலவே கிடக்கு" என்றாள்.

இரண்டு பேருக்கும் இரண்டு சாமானின் படத்தையும் அனுப்பி, பணிவாக விளங்கப்படுத்தினேன். அண்ணை சொல்லுறார், "நான் முதல் அனுப்பினனான். பிந்தி அனுப்பினவன்தான் பார்த்து அனுப்பியிருக்கவேணும்." மச்சான் சொல்லுறார், "பலகை இல்லாமல் ஆர் குந்துறது? குந்த வாறவர்தான் பலகையைப் பார்த்து வரவேணும்." இரண்டும் சரிபோலத்தான் எனக்குத் தெரியுது. கோயில் கூட்டத்திலை கேட்டால் ஒராள் ஒண்டைப் பெட்டியிலை பூட்டி மற்றதைக் கண்ணாடிக்குள்ளை வைச்சு மாலை போடச் சொல்லுறார். இன்னொராள், பூட்டாததை நூலிலை கட்டிப் பெட்டிக்குள்ளை தொங்கவிட்டால் லைவிலை தெரியும், ஆருக்கும் விளங்காது எண்டுறார். அதுக்குள்ளை வாகீசன், பழைய மெமரியும் புதுசுக்குச் சேராதெண்டு இன்னொரு குண்டைப் போட்டான். மெமரிக்கு இனி உபயகாரர் பிடிக்க என்னாலை ஏலாது.

இதெல்லாம் பகிடிபோல இருக்கும். முந்தாநாள் நடந்தது பகிடியில்லை, தங்கச்சி. அண்ணை போன் எடுத்து, "என்ரை புரொசசர் பூட்டாட்டி, தனுசியாவின்ரை கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார். நான் மச்சானுக்கு எடுத்தால், "அவற்றை பூட்டினால் நான் அவருக்குக் கலியாணக் காட்டே அனுப்பமாட்டன்" எண்டுறார். எனக்கோ கனடா விசா இரண்டுதரம் மறுத்தாச்சு. தாய்மாமன் எண்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்க அண்ணை ஒருத்தர்தான் இருக்கிறார். அவரும் இல்லாமல் அவள் மணவறையிலை இருக்கிறதை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை. அவளைத் தோளிலை வைச்சுக் கீரிமலைக் கேணியிலை முங்க வைச்சவர் அவர். ஊசிக்காக இதெல்லாம் போறதே? எனக்கு உங்கள் எல்லாரையும் வேணும், பத்மா. ஆரிலை பிழை எண்டு எனக்கு விளங்கவுமில்லை, விளங்கவும் வேண்டாம்.

ஆனபடியால் நீதான் ஒரு வழி செய்யவேணும். மச்சான் நல்லாய்ச் சாப்பிட்டு முடிஞ்ச நேரமாய்ப் பார்த்துக் கதை. அண்ணையின்ரை புரொசசருக்குச் சேருற, ஓட்டை உள்ள மதர்போட் ஒண்டை அவர் வாங்கி அனுப்பினால் எல்லாம் முடிஞ்சுது. வாகீசன் அதின்ரை நம்பரை எழுதித் தந்ததைப் பின்பக்கத்திலை ஒட்டியிருக்கிறன். நான் கேட்டதெண்டு சொல்லாதை. பிள்ளையார் கனவிலை வந்து சொன்னவர் எண்டு சொல்லு. ஊசியா ஓட்டையா எண்டு அவர் குறுக்குக் கேள்வி கேட்டால், அதைச் சொல்ல முதல் பிள்ளையார் போயிட்டார் எண்டு சொல்லு.

பிள்ளையார் உங்கள் எல்லாரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். தனுசியாவுக்கும் அவள் மணமுடிக்க இருக்கும் பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசி. மச்சானுக்கு என் வணக்கம், அவர் இதை வாசிக்காத பட்சத்தில்.

இப்படிக்கு,
இடையில் அகப்பட்ட உன் அண்ணன்,
தம்பிஐயா

பின்குறிப்பு: தங்கச்சி, கடிதத்தை ஒட்ட முதல் வாசலிலை வான் வந்து நிண்டுது, இரண்டு பார்சல். லண்டன் பார்சலை உடைச்சால் இன்னொரு புரொசசர், அடியிலை ஊசி இல்லை. பார்த்துக்கொண்டு நிக்க அண்ணை போனிலை. குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார். "தம்பி, இது அவன்ரை போட்டுக்குச் சேரும், கேட்டுத்தான் வாங்கினனான். என்ரை பேர் ஒண்டும் வேண்டாம், அவனுக்குச் சொல்லவும் வேண்டாம். பிள்ளையின்ரை கலியாணத்திலை நான் நிக்கவேணுமடா." நான் மூக்கைத் துடைச்சுக்கொண்டு ரொறன்ரோ பார்சலை உடைச்சால் இன்னொரு மதர்போட், ஓட்டை உள்ளது. மச்சானுக்குப் போன் எடுத்தன். "மச்சான், பெரியவரின்ரையைப் பூட்டுங்கோ, பேரும் அவருக்கே இருக்கட்டும். அவருக்கு மூச்சு விடாதையுங்கோ, பத்மாவுக்கும் சொல்லாதையுங்கோ" எண்டார். இரண்டையும் வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். இப்ப வாகீசனின்ரை மேசையிலை சோடி சேர்ந்த இரண்டு கொம்பியூட்டர் கிடக்கு, ஒண்டிலும் பேர் போட ஆளில்லை. எதைக் கோயிலிலை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. மேலை எழுதினதிலை ஒரு வசனத்தையும் நம்பாதை, மச்சானிட்டை ஒண்டும் கேட்காதை. ஆர் கூடுதலாய் விட்டுக்குடுத்தது எண்டு இரண்டு பேரும் அடுத்த சண்டையைத் தொடங்க முதல், அண்ணைக்குக் கலியாணக் காட்டை அனுப்பிவிடு.